பை கட்டின நாப்பது கதிர்

— நாப்பது கதிரும்மா! முழுசா நாப்பது! ஒண்ணு ரெண்டு போயிருந்தா குருவி மேல பழியைப் போடலாம். நாப்பதும் எங்க போச்சு?

— மெதுவாப் பேசுங்க மேஸ்திரி. ஊட்டுக்குள்ள கொழந்தை தூங்குது. எங்கூட்டுக்காரரும் இல்லீங்க. மேச்சேரிச் சந்தைக்கு ஆட்டை ஓட்டிட்டுப் போயிருக்காரு.

— சென்னியப்பன் இல்லைன்னா என்ன பூவாத்தா? நீ இருக்கியே. உங்க காட்டுல நாலு தினுசு சோளம் போட்டேன். தினுசுக்குப் பத்துக் கதிரு. என் கையால துணிப்பை கட்டி, எது எதுன்னு தெரியறதுக்கு அம்மாபேட்டைத் தறிக்காரங்ககிட்ட சாயம் போகாத நூலாக் கேட்டு வாங்கி முடிச்சுப் போட்டேன். இப்ப வந்து பாத்தா காடு மொட்டையாக் கெடக்குது!

— அறுவடை ஆயிப்போச்சுங்க.

— அறுத்தா அறுத்துட்டுப் போ. பை கட்டின கதிரு எங்கேன்னுதானே கேக்கறேன்? சொல்லும்மா.

— சொன்னாப் போலீசுல சொல்லிப் போடுவீங்களா? மொதல்ல அதைச் சொல்லுங்க.

— போலீசா? சோளப் பண்ணை மேஸ்திரிக்கும் போலீசுக்கும் என்னம்மா சம்பந்தம்?

— எங்க பெரியம்மா ஊர்ல போன அமாவாசைக்கு முன்னாடி, யுத்தத்துக்குத் தானியம் எடுக்கறவங்க வந்தாங்களாம். சோளம் கொட்டி வெச்ச குழி வாயில துணியைப் போட்டு, கயித்தைக் கட்டி, அரக்கு வெச்சுப் போட்டுப் போயிட்டாங்களாம். மக்யா நாளு விடிஞ்சதும் வண்டி வந்து அள்ளிக்கிட்டுப் போயிருச்சு. அதைக் கேட்டதும் நேரா எங்க காட்டுக்குத்தான் ஓடுனேனுங்க. நீங்களும் துணியைப் போட்டு நூலைக் கட்டிட்டுத்தானே போனீங்க? அதுவும் காட்டுலயே நல்ல கதிராப் பாத்துப் பாத்துக் கட்டுனீங்க. நான் என்னன்னு நெனைக்கறது?

— அடக் கடவுளே! அது சீலு இல்லம்மா! அதாகப்பட்டது, ஒரு கதிரோட பூத்தூளு காத்துல பறந்து இன்னொரு கதிருல விழுந்தா விதை கலந்துபோயிடும். கலக்காம இருக்கத்தான் பை. சென்னியப்பன்கிட்ட மூணு தடவை சொன்னேனே!

— அவருகிட்டச் சொன்னீங்க. ரெண்டு ஆம்பளைகளும் வரப்புல நின்னு வெத்தலையைப் போட்டுக்கிட்டுப் பொழுதுக்கும் பேசுனீங்க. நானும் அங்கதான் மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஊட்டுக்கு வந்து அவரைக் கேட்டா, 'அது கெவுருமெண்டு சமாச்சாரம், உனக்குத் தெரியாது'ன்னு சொல்லிப் போட்டாரு.

— சரி, இருக்கட்டும். அறுத்து எங்க ஒளிச்சு வெச்சே? அதைக் குடு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.

— ஒளிக்கலீங்க.

— பின்னே?

— ஆக்கித் தின்னு போட்டோமுங்க.

— தின்னுட்டீங்களா!

— ஒளிச்சா எங்கிருந்தாலும் தோண்டி எடுத்துருவாங்க. வயித்துக்குள்ள போனதை எவன் வந்து எடுப்பான்னு நெனைச்சேன். ஏனுங்க... ஏனுங்க மேஸ்திரி! என்ன, மண்ணுல உக்காந்துட்டீங்க? தண்ணி மோந்துட்டு வரட்டுங்களா?

— வேண்டாம். ஆறு வருசம்மா. ஆறு வருசம். மழை இல்லாத காட்டுலயும் நாலு மணி சோளம் வெளையணும்னு, முந்நூறு தினுசுல ஆரம்பிச்சோம். வருசா வருசம் கழிச்சுக் கழிச்சு நாலுக்குக் கொண்டாந்தோம். கதிரு பூக்கற நேரம்னு என் பொண்டாட்டி பிரசவத்துக்குக்கூட நான் ஆத்தூருக்குப் போகல. அழுகையா வருதும்மா எனக்கு.

— பண்ணையில மிச்ச விதை இருக்குமில்லீங்களா?

— புரட்டாசி மழையில கொட்டாயி ஒழுகி, மூட்டையோட முளைச்சு அழுகிப்போச்சு. உங்க காட்டுல நின்னதுதான் மிச்சம். பை கட்டாத கதிரெல்லாம் என்ன பண்ணுனே? அதையாவது காட்டு.

— எங்க சோளத்தோட ஒண்ணாக் கொட்டி, மாட்டை உட்டு மிதிச்சாச்சுங்க. அதுல எது எதுன்னு பிரம்மனுக்கும் தெரியாது. சாமி, நெசமாலுமே எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா தொட்டிருப்பேனா? எழுதறதா இருந்தா எம் பேரை எழுதிக் குடுங்க. அவரு பேரை எழுதிப் போடாதீங்க.

— யாரு பேரை எழுதி என்ன ஆகப்போகுது? இந்தா பாரு, இந்தக் கடுதாசியைத் தூக்கிக்கிட்டு ராசிபுரத்துல இருந்து வேகாத வெயில்ல நடந்து வந்தேன்.

— பெரிய ஆபீசரு எழுதுனதுங்களா? என்ன எழுதியிருக்குது?

— இனிமே என்ன எழுதியிருந்தா என்ன. விடு.

— நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கப்படாது. செவப்பு நூலு கட்டுனீங்களே, அது எந்தப் புண்ணியவான் பொறுக்குனது?

— நாந்தான். ஏன்? கதிருல அதுதாம்மா பெருசு.

— பாக்கறதுக்குத் தேராட்டந்தான் இருந்துச்சு. உரல்ல போட்டாத் தோலு கழண்டு வருவேனாங்குது. நானும் எங்கூட்டுக்காரரோட அக்கா நங்கையாளும் மாத்தி மாத்திக் குத்தி, இந்தாங்க பாருங்க, கை காச்சுப்போச்சு.

— இரு, இரு. செவப்பைத் தனியாவா குத்துனே?

— தனியாக் குத்தாம? மணியைப் பாத்தாலே தெரியுது நாலும் நாலு சாதின்னு. கலந்து ஆக்குனா ஒண்ணு வேகறதுக்குள்ள இன்னொண்ணு கூழாயிரும். பத்துக் கதிரு ஒரு சட்டிச் சோத்துக்குச் செரியா இருந்துச்சு. நாளைக்கு ஒரு நூலு.

— அப்ப மஞ்ச நூலு?

— அதைக் கேக்காதீங்க. வெறகு ஒரு கத்தை தீந்துபோச்சு. அப்பவும் வாயில போட்டா நறநறங்குது. கெழக்க இருந்து பொழுது மேக்க சாயற வரைக்கும் அடுப்புக்கிட்டவே நின்னா, காட்டு வேலையை யாரு பாக்கறது?

— எடையில அதுதாம்மா மொத இடம்.

— எடை போட்டீங்க செரி. தின்னு பாத்தீங்களா?

— நானா? தின்னா?

— ஏனுங்க, ஆறு வருசத்துல ஒரு நாளு? ஒரே ஒரு வாயி?

— ஒசரம் அளந்தேன். இலையை எண்ணுனேன். எத்தனையாவது நாள் பூக்குது, கதிரு எத்தனை அங்குலம், அதாகப்பட்டது எல்லாமே நோட்டுல இருக்கு. தின்னு பாக்கல. பண்ணையில எங்க வூட்ல அரிசிச் சோறும்மா.

— அது செரி! பொண்ணுப் பாக்கப் போனவரு ஒசரத்தையும் முடி நீளத்தையும் அளந்து போட்டு, ஒரு வார்த்தை பேசாமத் திரும்பி வந்தாப்புல இருக்குதுங்க.

— சிரிக்கறியா? சிரி, சிரி. வெள்ளை என்னாச்சு? வெள்ளையாவது நல்லா இருந்ததா?

— வெள்ளையைப் பாத்து நானும் ஏமாந்துதான் போனேன். அரிசியாட்டம் பூத்து வந்துச்சு. எல்லாரும் வயிறு நெறையத் தின்னோம். மிச்சத்துக்குத் தண்ணி ஊத்தி வெச்சேன். காத்தாலைக்குப் பாத்தா பிசுபிசுன்னு இழுக்குது, ஒரே நாத்தம். பழையதுக்கு நிக்காத சோளம் எங்களுக்கு எதுக்குங்க? விடியறதுக்கு முன்னாடி ஏரு கட்டப் போறவங்க என்னத்தைக் குடிச்சுட்டுப் போவாங்க? கதிரறுத்த பின்னாடி நின்ன அதோட தட்டை மாட்டுக்குப் போட்டேன். மோந்து பாத்துப் போட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு.

— மாடும் தின்னலையா?

— அதும் நோட்டுல இல்லீங்களா?

— இல்லம்மா. மாட்டைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. கோடையில உங்க மாடு இந்தத் தட்டை நம்பித்தானே நிக்குது... எனக்குத் தோணவே இல்ல பாரு.

— நாலாவது நாளு நீல நூலை எடுத்தேனுங்க. சின்னக் கதிரு. இதையும் ஒரு கதிருன்னு கட்டிட்டுப் போயிருக்காரே மேஸ்திரின்னு நெனைச்சேன். போச்சாது, போனாப் போவுது, கொழந்தைகளுக்கு மட்டும் ஆவுட்டும்னு அஞ்சே அஞ்சு கதிரைக் கசக்குனேன். நாலு குத்துத்தான், தோலு வுட்டுப் போச்சு. ரெண்டு வெறகுல வெந்துருச்சு. மறுநாக் காத்தால தண்ணிக்குள்ள கைய வுட்டா மணி மணியா நிக்குது. மோரை ஊத்தி, வெங்காயத்தைக் கடிச்சுக்கச் சொல்லி எம் பெரியவளுக்குக் குடுத்தேன். சட்டியை வழிச்சு நக்கிப்போட்டு, 'அம்மா, இன்னுங் கொஞ்சம்'னா. சோளச் சோத்தைக் கண்டாலே ஓடறவ. ரெண்டாந்தடவை அவ கேட்டது அன்னிக்குத்தானுங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு.

— தட்டு? நீலத்தோட தட்டு?

— அடிக்கட்டை வரைக்கும் கடிச்சுத் தின்னுச்சுங்க. தட்டுல இனிப்பு இருக்குது. நானே ஒடிச்சு மென்னு பாத்தேன்.

— அஞ்சு கதிருதான் கசக்குனேன்னியே. மிச்சம் அஞ்சு?

— அப்பிடியாப்பட்ட விதையை எவளாச்சும் முச்சூடும் தின்னு போடுவாளா? தண்டம் போட்டாலும் செரி, செயிலுக்கே போனாலும் செரி, அடுத்த ஆடிக்கு எங்காட்டுல இதை வெதைக்கறதுன்னு எடுத்து வெச்சுட்டேன். அடுப்புக்கு மேல புகையில தொங்குது.

— பையோடயா?

— பையோட, நூலோட. நீங்க போட்ட முடிச்சுக்கூட அவுக்கலீங்க.

— கொண்டா தாயி. சீக்கிரம் கொண்டா.

— இருங்க, வாரேன்... இந்தாங்க. பையெல்லாம் கரி புடிச்சுப்போச்சு, உள்ளுக்குள்ள நல்லா இருக்குது. பாத்து எடுங்க, மணி உதுந்துறப் போகுது. ஏனுங்க, எத்தனை தடவை எண்ணுவீங்க? அஞ்சு கதிரு பத்தாதுங்களா?

— பத்தும். ஒரு கதிரு இருந்தாக்கூடப் பத்தும்.

— அப்ப உங்களுக்கு வேலை போகாதில்லீங்களா? அழுவாதீங்க சாமி, எனக்கு என்னமோ பண்ணுது. அந்தக் கடுதாசியை இப்பவாச்சும் படிங்க. இந்தத் தடவையாவது என்ன சேதின்னு எங்கிட்டச் சொல்லுங்க.

— சொல்றேன். கேட்டுக்கோ. 'நீலம்தான் எடையில கடைசி. அதை மட்டும் அறுத்து எறிஞ்சுட்டு, மத்த மூணையும் கொண்டு வா'ன்னு எழுதியிருக்கும்மா.