வேர்விடும் அறை

ரோஜாவுக்குக் காலையிலேயே தண்ணீர் ஊற்றிவிட வேண்டும் ஐயா. உச்சிவெயிலில் ஊற்றினால் ஆகாது. உங்கள் ஸ்டேஷன் ஜன்னலோரத் தொட்டியைப் பார்த்தாலே தெரிகிறது, இங்கே யாருக்கும் அது தெரியவில்லை.

எங்கள் நாற்றுப்பண்ணையில் விதைக்கு வேலையே இல்லை. விதையை நம்ப முடியாது. சிவப்பு ரோஜாவின் விதை எந்தப் பாட்டன் நிறத்தில் பூக்கும் என்று அதற்கே தெரியாது. கிளையை வெட்டி, வேர்விடும் அறையின் ஈர மணலில் குத்தி வைத்தால், தாய்ச்செடி அச்சு அசலாக எழுந்து நிற்கும். அதைப் பிள்ளை என்று சொல்லக் கூடாது. தாயேதான் இன்னோர் இடத்தில் நிற்கிறாள்.

என் மகளும் அப்படித்தான். அவள் அப்பா அவளைக் கைக்குழந்தையாக விட்டுப் போனவர். அவர் சாயல் மருந்துக்குக்கூட இல்லை. என் முகம், என் கைராசி, என் கால் அளவு. செருப்பு வாங்கினால் ஒரே மாதிரி இரண்டு ஜோடியாகத்தான் வாங்குவேன்.

செடி ஏற்றிப்போகும் வேன் டிரைவரைக் கட்டிக்கொண்டு வெளியூர் போகிறேன் என்றாள். நல்ல பையன்தான், பொய் சொல்லக் கூடாது. இங்கேயே இருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“முடியாதும்மா. நான் ஒண்ணும் நீ வெட்டி வச்ச கிளை இல்ல. தனி ஆளு.”

“நானில்லாம வேற யாருடி நீ?”

“அதத்தான் போய்ப் பாக்கணும்” என்று சிரித்தாள்.

வேர்விடும் அறை குளுகுளுவென்று இருக்கும். மத்தியானம் அந்த டிரைவர் பையன் அங்கேதான் தூங்குவான். மண்ணோடு நோய் உள்ளே போகாமல் இருக்க, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் நுழைவோம். பூஞ்சைக்குப் புகைமருந்து போடும் நாளில், கதவைத் தட்டி “யாராச்சும் இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் தாழ் போட வேண்டும். அன்று நான் தட்டவில்லை. தூங்குகிறவனை எழுப்புவானேன். புகையைப் பற்றவைத்துக் கதவிடுக்கில் தள்ளினேன், தாழைப் போட்டேன், போய்த் தொட்டிகளைக் கழுவினேன்.

மகள் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளும் அவனோடு உள்ளே செத்துக் கிடப்பாள் என்று நான் கண்டேனா?

வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது உண்மைதான். ஒன்று அவனுடையது. மற்றதை என்னுடையது என்று நினைத்துவிட்டேன். ஒரே அளவு, ஒரே நிறம், பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது. வெயிலில் காயுமே என்று நான்தான் இரண்டு ஜோடியையும் நிழலில் தள்ளி வைத்தேன்.

எதால் தள்ளினேன் என்று கேட்கிறீர்கள். காலால்தான் ஐயா.

ஆமாம், என் காலில் செருப்பு இருந்தது.