சந்தியில் முதலில் கட்டிய பதாகை

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கும் தொழிலதிபர் சீவரத்தினம் ஐயா அவர்களே, அவருக்கு இருபுறமும் அடக்கமாக அமர்ந்திருக்கும் முகாமையாளர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்திருக்கும் என் ஊர்ச் சனங்களே, முன்வரிசையில் இருக்கும் சிவரூபனின் மனைவி தங்கச்சி கேதீஸ்வரி, எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஜெயகௌரி. டிப்பர் மோதி இறந்துபோன சிவரூபன் தலைவராக இருந்த கிணற்றுப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர். பேச ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். என்ன பேசவேண்டும் என்று ஒரு தாளும் தந்திருக்கிறார்கள். தாளில் 'விபத்து' என்ற சொல் ஏழு தடவை வருகிறது. வாசிக்க எனக்கு மனம் வரவில்லை, ஐயா மன்னிக்கவேண்டும்.

யார் இந்தச் சிவரூபன்? ஐயாவின் சுண்ணக்கல் குழியில் பதினொரு வருடம் துளை போட்டவன். உத்தரவுப் பத்திரத்தில் அனுமதித்த ஆழம் பத்தடி. அதிகாரிகள் பார்க்கவந்த அன்று கயிற்றில் கல்லைக் கட்டிக் குழிக்குள் இறக்கினான். கயிறு போனது, போனது, முப்பத்தெட்டு அடி போனது! "ஐயாமார், அந்தப் பத்தடி எந்தப் பக்கத்திலை கிடக்குது? நான் தேடிக் களைச்சுப்போனன்" என்றான். அன்றைக்கே வேலை போயிற்று. அவன் களவெடுத்தானா? சண்டை பிடித்தானா? அளந்தான், அவ்வளவுதான்.

குழி ஆழமாக ஆழமாக எங்கள் கிணறுகள் உப்பாகின. வெங்காயம் கருகியது. ஐயா சும்மா இருந்தாரா? கோயிலடியில் குடிதண்ணீர் இயந்திரம் பொருத்தித் தந்தார். அதில் தன் படத்தையும் ஒட்டித் தந்தார்! என்ன பெரிய மனம்! தொடக்க விழாவில் நன்றியுரைக்குச் சிவரூபனையே கூப்பிட்டார்கள். "தண்ணியை எடுத்துப்போட்டுத் தண்ணி தந்த ஐயாவுக்கு நன்றி. அடுத்ததாக் காத்தை எடுக்கேக்கை முதலே சொல்லுங்கோ, மூச்சை இழுத்து வைச்சிருக்கிறம்" என்றான். ஊரே சிரித்தது. ஐயா, நீங்களும் சிரித்தீர்கள். நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால், சந்தியில் கண்ணீர் அஞ்சலிப் பதாகையை முதலில் கட்டுபவருக்கே துக்கம் அதிகம் என்று பெயர். ஐயாவின் நிறுவனம் எதிலும் முந்தவேண்டும் அல்லவா? முந்தியது. எவ்வளவு முந்தியது தெரியுமா?

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. காங்கேசன்துறையிலிருந்து மீன் கொண்டுவரும் கத்தரீனா சந்தியில் பதாகையைக் கண்டுவிட்டு, மீன்பெட்டியோடு தலையில் அடித்துக்கொண்டு சிவரூபன் வீட்டுக்கு ஓடினார். அங்கே கிணற்றடியில் சிவரூபன் பல் விளக்கிக்கொண்டு நின்றான்.

"என்னக்கா, ஆர் செத்தது?"

"ஐயோ, நீதானடா தம்பி! நேற்றுப் பின்னேரம் விபத்திலை செத்துப்போனாய் எண்டு பனர் கட்டிக் கிடக்குது!"

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! பொறுங்கோ, படம் வடிவா இருக்கோ எண்டு ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

போனான். தன் அஞ்சலிப் பதாகைக்குக் கீழே சிரித்துக்கொண்டு நின்று படம் எடுத்தான். 'நான் சுகம்' என்று எழுதி எங்கள் எல்லோருக்கும் அனுப்பினான். அப்போது ஆறு இருபது. ஆறு நாற்பதுக்கு, அதே சந்தியில், இலக்கத்தகடு இல்லாத டிப்பர் அவனை அடித்துவிட்டுப் போனது.

ஐயோ, சிரித்துக்கொண்டு போனவனல்லவா!

திங்கள் பின்னேரம் அவன் வழமையான பாதையால் வரவில்லை. சண்டிலிப்பாயில் தமக்கை வீட்டில் மோட்டார் சைக்கிள் ரயர் காற்றுப் போய், அங்கேயே தங்கி, விடியத்தான் வீடு வந்தான். டிப்பருக்கு அந்தச் செய்தி கிடைத்திருக்கிறது. பதாகை கட்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு நிறுவனத்துக்குள் தகவல் தொடர்பு எவ்வளவு முக்கியம்! முகாமையாளர்களே, குறித்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்குள் திகதியை மாற்றிப் புதுப் பதாகை கட்டிவிட்டீர்கள். அந்தச் சுறுசுறுப்பை நான் மெச்சுகிறேன்.

இதோ, மேசையில் ஒரு தட்டம். அதில் புதுவீட்டுக் கதவுப் பூட்டின் திறப்பு. திறப்புக்குக் கீழே ஒரு கடதாசி: 'இது விபத்து, எவர்மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை.' கேதீஸ்வரி கையெழுத்து வைத்தால் வீடு. வைக்காவிட்டால், இரண்டு பிள்ளைகளோடு இப்போது இருக்கும் வீட்டையும் விட்டு எழும்பவேண்டும், ஏனென்றால் அந்தக் காணியும் ஐயாவுடையது. மரண விசாரணை இன்று பதினொரு மணிக்கு நீதிமன்றத்தில். இந்தக் கூட்டம் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. தற்செயல்தான்! எங்கள் ஊரில் தற்செயலும் ஐயாவிடம்தான் சம்பளம் வாங்குகிறது.

நேற்று கேதீஸ்வரியிடம் கேட்டேன், என்ன செய்யப்போகிறாய் என்று.

"பயமாக் கிடக்குதக்கா. பிள்ளையளைக் கொண்டு எங்கை போறது? ஆனா அவர் சிரிச்சுக்கொண்டு நிக்கிற படத்தைப் பாத்தாப் பிறகு உதிலை எப்பிடிக் கையெழுத்து வைப்பன்? கோட்டிலை நானே சொல்லுறன்."

அவளும் பிள்ளைகளும் இன்றிலிருந்து என் வீட்டில் இருப்பார்கள். ஐயா, என் காணி உங்களுடையதல்ல. இன்னும் இல்லை.

சங்கம் கலையாது. அந்தக் குழி மூடப்படும்வரை கலையாது. சாட்சி சொல்லக் கத்தரீனா வந்திருக்கிறார். அந்தப் படம் நூற்றிருபது தொலைபேசிகளில் இருக்கிறது. எங்களை முடிக்க உங்களுக்கு நூற்றிருபது டிப்பர் வேண்டும்!

சனங்களே, எழும்புங்கள். மௌன அஞ்சலியை நீதிமன்ற வாசலில் செலுத்துவோம். வீதியில் பஸ் நிற்கிறது.

சீவரத்தினம் ஐயா, உங்கள் வாகனம் பந்தல் வாசலை மறித்து நிற்கிறது. எடுக்கச் சொல்லுங்கள். கேதீஸ்வரி போகவேண்டும்.