இருமலுக்கு முழு மதிப்பெண்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் அந்நாள் விடுதிக் காப்பாளர் ஐயா அவர்களே, முன்வரிசையை அணிசெய்யும் பெரியோர்களே, கணவன்மாரின் பழம்பெருமையைப் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, சற்று முன்பு வயிறு குலுங்கச் சிரித்து ஓய்ந்திருக்கும் என் அருமை விடுதித் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் விடுதித் தோழர்களின் இந்த மறுசந்திப்பில், எண்பதுகளின் பாப், ராக் இசை பற்றிய நம் வினாடி வினாவுக்கு நடுவராக இருந்தவன் நான். வென்றவரை வாழ்த்திப் பேசச் சொல்லி ஒலிபெருக்கியைக் கொடுத்திருக்கிறார்கள். வாழ்த்து வரவில்லை எனக்கு. வெட்கம்தான் வருகிறது.

என்ன நடந்தது இங்கே? ஒரு பாடலின் கிட்டார் இசையைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன கேட்கும் என்று வினவினோம். 'டிரம்ஸ்' என்பது விடை. நாம் 'டேப்பு' என்று அழைத்த நம் மறைந்த நண்பனின் மனைவி, அவன் இடத்தில் அமர்ந்திருந்தவர், மணியை அழுத்தினார்.

"ஒரு இருமல் வரும். அப்புறம், 'டேய், ஃபேனை நிறுத்துங்கடா'ன்னு ஒரு குரல் வரும்."

அரங்கம் அதிர்ந்தது. "தங்கச்சி, அது பாட்டா, இல்ல உங்க வீட்டு ஹாலா?" என்றார் நம் பல் மருத்துவர். "நான் வாங்கின ஒரிஜினல்ல இருமல் இல்லையே" என்றார் நம் வங்கி மேலாளர். சுழியம் போட்டது இந்தக் கை.

என்ன அங்கே சத்தம்? 'விடப்பா, விளையாட்டுதானே' என்கிறீர்களா? இருங்கள், வருகிறேன்.

எந்த ஒரிஜினல்? யாருடைய ஒரிஜினல்? விடுதியில் அசல் கேசட் வைத்திருந்தவன் டேப்பு ஒருவன்தான். பிரதி எடுக்க இணைப்பு ஒயர்கூட நம்மிடம் இல்லை. இரண்டு டேப் ரெக்கார்டர்களைக் கட்டிலில் எதிரெதிரே வைத்து, சன்னலைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். எவனோ ஃபேனைப் போட்டான். டேப்பு இருமினான், திட்டினான். அது அப்படியே பதிந்தது. அந்தப் பிரதியிலிருந்து ஒரு பிரதி, அதிலிருந்து இன்னொன்று. பாடல் போன அறைக்கெல்லாம் அந்த இருமலும் போனது. அசலை எவனோ வாங்கிப்போய்த் தொலைத்துவிட, டேப்பு வீட்டிலும் கடைசிவரை ஓடியது பிரதிதான். இருமலும் இசையே என்று நம்பியவர்கள் நாம். கல்லூரி மேடையில் அந்தப் பாடலைப் பாடும்போது, சரியான இடம் பார்த்து, தாளம் தவறாமல் இருமியவர் யார்? இன்றைய பல் மருத்துவர்.

இப்போதும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். காலையில் வாசலில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மையார் நம் ஒவ்வொருவரிடமும் கேட்டார்: "அண்ணா, எங்க வீட்டுக் கேசட் நாடா சிக்கி அறுந்துபோச்சு. உங்ககிட்ட அந்தப் பிரதி இருக்கா? செல்போன் வர்றதுக்கு முன்னாலயே அவர் போயிட்டாரு. அவர் குரல் வேற எதுலயும் இல்ல. என் மகளுக்கு அந்த ஒரு வரிதான் அப்பா."

நாம் என்ன சொன்னோம்? "பிரதியா? நாங்கல்லாம் ஒரிஜினல்தாம்மா கேட்டது." அதற்குத் தலையாட்டிய கூட்டத்தில் நானும் நின்றேன். இரவல் இசையில் வளர்ந்தோம் என்று சொல்ல வெட்கப்பட்டோம். பொய் சொல்ல வெட்கப்படவில்லை. ஒரு தாய் கை ஏந்தி நிற்கும்போது கோட்டுப் பையில் கைவிட்டுக்கொண்டு நிற்க வெட்கப்படவில்லை.

அவர் பரிசுக்காகவா மணியை அழுத்தினார்? சபையில் அதைச் சொன்னால், ஒருவராவது எழுந்து 'என்னிடம் இருக்கிறது' என்பார் என்று அழுத்தினார். படித்தவர் நிறைந்த சபை பல்லைக் காட்டியது.

தீர்ப்பைத் திருத்துகிறேன். விடை சரி. முழு மதிப்பெண். அந்தப் பிரதி, இதே ஊரில், என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இன்னும் யார் வீட்டில் இருக்கிறது? கையைத் தூக்குங்கள்.

பல் மருத்துவரே, தரையில் என்ன தேடுகிறீர்கள்? நன்றி. அங்கே தூண் ஓரம், நன்றி. மேலாளர் அவர்களே, உங்கள் கையும் எழுகிறதே. எழட்டும்.

அம்மையார் ஏதோ சொல்கிறார், அமைதி.

"எல்லாம் வேண்டாம்ணா. ஒண்ணு போதும். ஓடுதான்னு பார்த்துட்டுக் கொடுங்க."

பார்த்துத்தான் தருவோம், தாயே. இன்று மாலையே, உங்கள் மகளையும் வரவழைத்து அருகில் வைத்துக்கொண்டு, இந்த அரங்கிலேயே ஓட்டிப் பார்ப்போம். குட்டுப்பட்டும் அமர்ந்து கேட்ட அவைக்கு நன்றி. அள்ளிக் கொடுத்துப் போன நண்பனுக்கு, தாமதமாக, நன்றி. கேசட் ஓடும்போது யாரும் மூச்சுவிடாதீர்கள். ஃபேனை நானே நிறுத்துகிறேன். வணக்கம்.