கட்டம் டாக்டரின் சுவர்

மேடையில் இருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, டாக்டரோடு பணியாற்றிய மருத்துவர்களே, செவிலியர்களே, முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் டாக்டரின் தம்பி, நம் மேஸ்திரி அவர்களே, டாக்டரின் மகளே, டாக்டரிடம் கண்ணையும் காட்டித் திட்டும் வாங்கிய பெரியோர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. இந்த மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் புள்ளிவிவரக் கணக்குப் பார்ப்பவள் நான். யார் எதைச் சொன்னாலும் "எத்தனை பேரிடம் பார்த்தீர்கள்?" என்று கேட்பது என் தொழில். அதனாலேயே எனக்கு நண்பர்கள் குறைவு. அப்படிப்பட்ட என்னை இந்த இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னது டாக்டரின் மகள். "எல்லாரும் அம்மாவைப் புகழ்ந்துட்டுப் போயிடுவாங்க. நீங்க ஒருத்தராவது உள்ளதைச் சொல்லுங்க" என்றார். உள்ளதைத்தான் சொல்லப் போகிறேன். அதுவும் புகழாகவே வந்து முடிந்தால் நான் என்ன செய்ய?

கட்டம் டாக்டர்! அவருடைய பட்டங்களை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இந்தப் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள். கட்டம் போட்ட சிறிய அட்டை, அதன் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். கோடுகள் வளைந்தாலோ, நடுவில் அழிந்துபோனது போல் இருந்தாலோ, உடனே ஓடிவர வேண்டும். அவ்வளவுதான். இந்த அட்டையை அவர் யாருக்குத்தான் கொடுக்கவில்லை? பழக்கடைக்காரருக்குக் கொடுத்தார். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கொடுத்தார். ஒரு பிறந்தநாளுக்கு எனக்கு அழகான பொட்டலம் ஒன்று கொடுத்தார். ஆசையோடு பிரித்தேன். அதே அட்டை! சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்!

ஏன் இந்தப் பிடிவாதம்? அவருடைய அம்மாவுக்கு வயதான காலத்தில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோயிற்று. "எங்கம்மாவுக்கு என் காது தெரியும், தோள் தெரியும், பின்னாடி இருக்குற கதவு தெரியும். என் மூஞ்சி மட்டும் தெரியாது" என்று டாக்டர் சொல்வார். பெற்ற பிள்ளையின் முகத்தைத் தவிர மற்ற எல்லாம் தெரிவது எப்படிப்பட்ட கொடுமை! அந்த நோயைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கத் துரத்தினார்.

துரத்திய வேகத்தில் சில சமயம் எல்லை தாண்டியும் போனார். ஒரு முதியோர் கூட்டத்தில், "கீரை சாப்பிட்டா கண்ணு போகவே போகாது!" என்று முழங்கினார். காரில் திரும்பும்போது சண்டை போட்டேன். "டாக்டர், அப்படி யாரும் நிரூபிக்கலை. கீரை நல்லா சாப்பிடுறவங்களுக்கு இந்த நோய் கொஞ்சம் குறைவா வருது. அவ்வளவுதான் சொல்லலாம்" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் என்ன சொன்னார் தெரியுமா? "கீரை சாப்பிடுங்க. அது காப்பாத்தும்னு அடிச்சுச் சொல்ல எங்க கணக்கம்மா விடமாட்டேங்குறாங்க. ஆனா சிகரெட்டு கண்ணைக் கெடுக்கும்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க! அவங்களே ஒத்துக்கிட்டா அது எவ்வளவு பெரிய உண்மையா இருக்கணும்!" கூடமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

ஊருக்கெல்லாம் அட்டை கொடுத்தவரால் ஒரே ஒருவரிடம் மட்டும் அதைக் கொடுக்க முடியவில்லை. கூடப்பிறந்த தம்பி! டைல்ஸ் ஒட்டுவதில் பெயர் எடுத்த மேஸ்திரி. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. ரத்தக் கொதிப்பும் இருந்தது. அந்த அம்மா வயிற்றில்தான் இவரும் பிறந்தார். போதாக்குறைக்குச் சட்டைப்பையில் எப்போதும் சிகரெட் பெட்டி. நாங்கள் ஆய்வில் தேடித் தேடி எழுதிய காரணங்கள் எல்லாம் இவர் ஒருவரிடமே கூடி வந்திருந்தன. அக்கா அட்டையை நீட்டினால் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வாழ்க்கை பூரா நான் பார்த்ததே கட்டம்தான்க்கா. எனக்கே கட்டமா?"

மேஸ்திரி சிரிக்கிறார். சிரியுங்கள், இனிமேல் வருவதும் உங்கள் கதைதான்.

இப்போது நாம் கூடியிருக்கும் இந்தக் கூடம், நோயாளிகள் காத்திருக்கும் இடம். எதிரே இருக்கும் சுவரைப் பாருங்கள். வெள்ளை டைல்ஸ், கறுப்பு வரி, நட்டநடுவில் ஒரே ஒரு கறுப்பு டைல். சுவரையே அட்டையாக்க வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. காத்திருக்கிறவர்கள் சும்மா உட்காராமல் கண்ணைச் சோதித்துக்கொள்ளட்டும் என்றார். வேலையை விட்டு வீட்டில் இருந்த தம்பியை இதற்காகவே கூப்பிட்டார். அவரும் நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, அழகாக ஒட்டி முடித்தார். பிறகு பின்னால் நகர்ந்து, மேஸ்திரிகள் செய்வதுபோல் இடது கண்ணை மூடிக்கொண்டு வரி பார்த்தார்.

பார்த்தவர் உளியை எடுத்து நடுப்பகுதியை உடைக்க ஆரம்பித்தார். மறுபடி ஒட்டினார். மறுபடி பார்த்தார். மறுபடி உடைத்தார்! சத்தம் கேட்டு டாக்டரும் நானும் ஓடிவந்தோம்.

"எதுக்குடா நல்ல சுவரை உடைக்கிற?"

"நல்ல சுவரா? நடுவுல வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது, தெரியலையா? நீயெல்லாம் கண்ணு டாக்டரு!"

"நேராத்தான்டா இருக்கு."

"கம்பெனி சரக்கு சரியில்லக்கா. டைலே கோணல்."

நானும் பார்த்தேன். கோடு கோடாகவே இருந்தது. டாக்டர் ரசமட்டத்தை எடுத்துச் சுவரில் வைத்தார். குமிழ் நடுவில் அசையாமல் நின்றது. டாக்டரின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். ஆனால் குரல் மாறவில்லை.

"இப்ப வலது கண்ணை மூடு. இடது கண்ணால பாரு."

மேஸ்திரி பார்த்தார். "இப்ப நேரா இருக்கே!" என்றார். உளியைக் கீழே வைத்தார். "அக்கா..." என்றார்.

இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை வெளியே காட்டாது. நல்ல குடும்பங்களில் நடப்பதும் அதுதான். அதனால்தான் அவருக்குத் தெரியவில்லை. அதனால்தான் டாக்டர் ஒரு கண்ணை மூடு, ஒரு கண்ணை மூடு என்று ஊரெல்லாம் கத்தினார்! சுவர் வளையவில்லை. வலது கண்ணின் விழித்திரைக்கு அடியில் நீர் கசிந்து, பார்வையின் நடுவை வளைத்திருந்தது. நாள் கடத்தினால் அந்தக் கண்ணின் நடுப்பார்வை போய்விடும். அம்மாவுக்குப் போனதுபோல.

கையில் காய்ந்த சிமெண்டோடு தம்பியை இழுத்துக்கொண்டு போனார் டாக்டர். அன்றே கண்ணுக்குள் ஊசி. அதைப் போட்டவர் மேடையில் இருக்கும் இளைய மருத்துவர். டாக்டர் போடவில்லை. "என் தம்பிக்கு என் கை நடுங்கும்" என்றார். எத்தனையோ ஆயிரம் கண்களில் நடுங்காத கை! அன்று அந்தக் கை தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. "கண்ணுக்கு ஊசி, காலை எதுக்குக்கா அமுக்குற?" என்று இவர் கேட்டார். "உதைச்சுடுவியே, அதுக்குத்தான்" என்றார் அவர்.

வெளியே வந்ததும் மேஸ்திரி என்னைத்தான் கேட்டார். "கணக்கம்மா, இது எதனால வந்துச்சு? சிகரெட்டாலயா, எங்கம்மாவாலயா?"

நான் உள்ளதைச் சொன்னேன். "ஆயிரம் பேரைப் பத்திக் கேட்டா கணக்கு பதில் சொல்லும். உங்க ஒருத்தருக்கு எதனால வந்ததுன்னு அதுக்குத் தெரியாதுங்க. வயசை நிறுத்த முடியாது. அம்மாவை மாத்த முடியாது. கொதிப்புக்கு மாத்திரை இருக்கு. மிச்சம் இருக்குறது உங்க சட்டைப்பையில இருக்கு."

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன்! இவ ஒரு வரியில முடிச்சுட்டாளே!"

அடுத்த வாரம் மேஸ்திரி வந்து சுவரை முடித்தார். கடைசியாக நடுவில் கறுப்பு டைலை ஒட்டும் முன், சட்டைப்பையில் இருந்த பெட்டியை எடுத்துச் சுவரின் குழிக்குள் வைத்தார். மேலே கலவையைப் பூசினார். டைலை அழுத்தினார். "இனிமே வேணும்னா உன் சுவரை உடைச்சாத்தான் உண்டு. உடைக்கவா விடுவ?" என்றார். டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

கண் என்ன ஆயிற்று? ஊசிகள் தொடர்ந்தன. கசிந்த நீர் வற்றியது. பார்வை போகாமல் நின்றது. இன்று கூட்டம் தொடங்கும் முன் அவரிடம் கேட்டேன்: "இப்ப சுவர் எப்படி இருக்கு?" "கொஞ்சூண்டு வளைவு இருக்கும்மா. ஆனா போட்டோவில அக்கா மூஞ்சி முழுசா தெரியுது" என்றார்.

இதைவிடப் பெரிய அஞ்சலியை நான் எங்கே போய்த் தேடுவது? அம்மாவுக்குத் தெரியாமல் போன முகம் தம்பிக்குத் தெரிகிறது! அதே அம்மாவுக்குப் பிறந்த டாக்டரின் இரண்டு கண்களும் கடைசிவரை நேராகவே பார்த்தன. குடும்பத்தில் இருந்தால் வரலாம். வந்தே தீரும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குள்தான் கட்டம் டாக்டர் தம் வாழ்க்கை முழுவதையும் வாழ்ந்தார்.

அந்த இடைவெளியை இனி நாம் காப்போம். அட்டைகள் நிற்காது; அச்சடிக்கும் பொறுப்பு என்னுடையது. முதியோர் கூட்டங்கள் நிற்காது. டாக்டரின் மகள் ஏற்றுக்கொண்டிருக்கிறார். புகைப்பவர்களிடம் பேசும் வேலையை யார் ஏற்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்.

இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்று, இரண்டு கண்ணையும் மூடி மௌனம் காப்பார்கள். கட்டம் டாக்டருக்கு அது பிடிக்குமா? "ரெண்டையும் மூடிட்டு எதைப் பார்ப்பீங்க?" என்று கேட்பார். ஆகவே எழுந்து நில்லுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் இடது கண்ணை மூடி, அந்தக் கறுப்பு டைலைப் பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். பக்கத்து அறையில் விளக்கு எரிகிறது, மேடையில் இருக்கும் இளைய மருத்துவர் அங்கே வந்து சோதிக்கத் தயாராக இருக்கிறார்.

கோடு நேராகத் தெரிகிறவர்கள் டாக்டருக்கு மனதுக்குள் நன்றி சொல்லுங்கள். வளைந்து தெரிகிறவர்கள் சுவரைத் திட்டாமல் கையைத் தூக்குங்கள்.