முன்சக்கரத்தின் அருகே நடந்தவன்

விமான நிலையத்தில் வேலை என்று சொன்னால், எத்தனை முறை விமானத்தில் போயிருக்கிறாய் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஒரு முறைகூட இல்லை சார். நான் விமானத்தைத் தள்ளுகிறவன். அது தானாகப் பின்னால் போகாது. குட்டையான ஒரு டிராக்டரை இரும்புத் தண்டால் அதன் முன்சக்கரத்தோடு இணைத்து, நிற்கும் இடத்திலிருந்து பின்னால் தள்ளிவிட வேண்டும். அந்த டிராக்டரை ஓட்டுகிறேன். பெயர் தேவேந்திரன். பட்டு நெய்கிற குடும்பம். வீடு இங்கேதான், பெரிய காஞ்சிபுரத்தில், உங்கள் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும் தூரம்.

சத்யராஜைப் பற்றிச் சொல்ல வந்தேன். அவன் பக்கத்தில் கூரம் கிராமத்துக்காரன். ஒரே ஐ.டி.ஐ.யில் படித்தோம், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். கம்பெனி வேன் மூங்கில் மண்டபத்தில் வந்து நிற்கும். அவன் ஊரிலிருந்து பைக்கில் வந்து, வண்டியை என் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, என்னோடு வேனுக்கு நடப்பான். அவன் அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நான் அதெல்லாம் பார்க்கிறவன் இல்லை. என் வீட்டில் அவனுக்கென்று தனி டம்ளர் வைத்ததே கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

விமானத்தைத் தள்ளும்போது ஒருவன் முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்து வருவான். காதில் ஹெட்செட் இருக்கும், அதன் ஒயர் விமானத்தில் செருகியிருக்கும். விமானியோடு பேசுவதும், எனக்குக் கைகாட்டுவதும் அவன்தான். டிரைவருக்கு முதல் விதி, அவன் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் படவில்லை என்றாலும் நிறுத்த வேண்டும், அவன் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது.

சத்யராஜ் அந்த வேலையில் கெட்டிக்காரன். கோடையில் ஒரு நாள், நான் தள்ள ஆரம்பித்ததுமே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தான். நிறுத்து என்று அர்த்தம். இறக்கை போகிற வழியில் ஒரு சாமான் டிராலி நின்றிருந்தது. புறப்படுமுன் அதைப் பார்த்திருக்க வேண்டியவன் நான். மேலதிகாரி கேட்டபோது டிராலி காற்றில் உருண்டு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டான். அந்த மாதப் பாதுகாப்புப் பரிசு அவனுக்குக் கிடைத்தது. கேண்டீன் சுவரில், நான் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு நேர் எதிரே, அவன் போட்டோவை மாட்டினார்கள். என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், அதோடு போயிருக்கும். அந்த வசதியைக்கூட அவன் எனக்குத் தரவில்லை.

வீட்டில் என் மனைவி காயத்ரி அவனுக்காகக் கேசரி கிளறினாள். என் மகளுக்கு அவன் கைச்சைகை எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தான். இரண்டு தோசைக் கரண்டிகளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, என் ஸ்கூட்டரை உள்ளே வரச் சொல்லிக் கைகாட்டுவாள். ஒரு நாள் அவள் காட்டியதைக் கவனிக்காமல் ஓட்டி வந்துவிட்டேன்.

"சத்யா மாமா நான் கை காட்னா நிக்கிறாரு. நீதான்பா நிக்க மாட்டேன்ற" என்றாள்.

குழந்தைதானே, சிரித்தேன். பிறகு கரண்டிகளை வாங்கிப் பரணில் போட்டுவிட்டேன்.

ஷிப்ட் லீடர் வேலைக்கு இரண்டு பேரும் எழுதிப் போட்டோம். அவனுக்குக் கிடைத்தது. நேராக என்னிடம் வந்தான். பிரவீனாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை என்றான். கட்டின மனைவிக்கு முன்னால் சிநேகிதனிடம் சொல்கிறவனை எப்படி வெறுக்க முடியும்? நான் வெறுக்கவில்லை. அவன் கொஞ்சம் குறைந்தால் போதும் என்று மட்டும் நினைத்தேன்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. லீடர் ஆனபின் அவன் ஹெட்செட் மாட்ட வேண்டியதே இல்லை. அன்றைக்கு ஆள் குறைவு, அவனே மாட்டிக்கொண்டான். பாதி தூரம் தள்ளியிருப்பேன். ஈரத்தில் அவன் கால் வழுக்கியது. சக்கரம் போகிற வழியில் விழுந்தான். எழப் பார்த்தான், ஒயர் காலில் சுற்றியிருந்தது. என் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் குறுக்காகத் தூக்கினான். வைப்பர் அப்போதுதான் கண்ணாடியை வழித்துவிட்டுப் போயிருந்தது. நன்றாகத் தெரிந்தது.

என் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

சட்டென்று நிறுத்தினால் தண்டு முறியும், உள்ளே நிற்கிற பணிப்பெண்கள் விழுவார்கள் என்றெல்லாம் பிறகு எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் இதெல்லாம் தோன்றவில்லை. இந்த ஒரு தடவை அவன் கை சொல்வதை நான் கேட்க வேண்டியதில்லை என்று தோன்றியது. அவ்வளவுதான். அப்புறம் நிறுத்தினேன்.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கம்பெனி விசாரித்தது. மழையில் தேவாவுக்கு என்னைத் தெரிந்திருக்காது என்று சத்யராஜே சொன்னான். விசாரணை முடிந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நல்ல மாதங்கள் சார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். குளிக்க வைத்தேன், கழிவறைக்குத் தூக்கிப் போனேன். கூரத்தில் நான் போய் இறங்கினால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். நீங்கள் இல்லையென்றால் நாங்கள் என்ன ஆகியிருப்போம் அண்ணா என்று பிரவீனா அழுதாள். சத்யா மாமாவை நீதான் தூக்கினாயா என்று என் மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். பரணிலிருந்து கரண்டிகளை எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு அவனுக்குச் செயற்கைக் கால் வந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும் வேலையைக் கம்பெனி கொடுத்தது. ஒரு வகுப்பில் கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்தேன். காலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசினான். யாரும் இருமக்கூட இல்லை. இங்கே ஒரு காலேஜிலும் கூப்பிட்டார்கள், பத்திரிகையில் வந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேண்டீனில் பழைய போட்டோவை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்டினார்கள். நடந்தது முழுக்க அவன் கதையாகிவிட்டது. அதில் நான் வெறும் டிராக்டர் டிரைவர். ஒரு இடத்திலும் என் பெயர் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். காயத்ரி டீ கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். வகுப்பில் என் பெயரை ஏன் சொல்வதில்லை என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தான்.

"பேரு சொன்னா, நீ பாத்ததையும் சொல்லணும்பா. நீ பாத்துக்கினுதான இருந்த."

நான் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருப்பேன். உன் பொண்ணு மூஞ்சி கண்ணு முன்னால வந்துச்சு, வுட்டுட்டேன். இனிமேலயும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீ மட்டும் அந்த டிராக்டர்ல ஏறாத தேவா. வேற வேலை வாங்கிக்கோ. கீழ நடக்குறவனுக்கும் வீடு இருக்குது."

அவன் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். வாசல்வரை கைபிடித்து அழைத்துப் போய் வண்டியில் ஏற்றிவிட்டேன். மறுநாள் வேலைக்குப் போய் அதே டிராக்டரில் ஏறினேன். நேற்று வரை ஓட்டினேன்.

இந்த வழக்கு விமான நிலையத்துப் போலீஸுக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியும். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. இங்கே என் தெருவுக்கும் தெரியும், கூரத்துக்கும் தெரியும். அதனால் இங்கே வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தான் என்றே எழுதுங்கள், உண்மை அதுதான்.

நீங்கள் சத்யராஜைக் கூப்பிட்டுக் கேட்பீர்கள். மழை சார், அவனுக்குத் தெரிந்திருக்காது என்பான். நம்பாதீர்கள். பார்த்தேன், தெரிந்தே நிறுத்தவில்லை. மூடி வைத்தவன் அவன், வந்து சொன்னவன் நான். இந்த ஒன்றிலாவது அவன் எனக்குப் பின்னால்தான் சார்.