பிழைத்த மூன்று தட்டுகள்

– ஆறு தட்டுல மூணுலதான் செல் செத்திருக்கு, வெண்டல். மீதி மூணுல கேன்சர் செல் கொழுகொழுன்னு இருக்கு.

– அப்ப உன் மருந்து அவ்வளவுதான், லோர்னா. எட்டு மாசத்துல வந்த பேரு எட்டு நாள்ல போகுது.

– நீங்க இன்னும் எட்டிக்கூடப் பாக்கல. அதுக்குள்ள தீர்ப்பா?

– பாத்துத்தான் தெரியணுமா? ஒன்பது வருஷம். இந்தக் கனடா வின்னிபெக் பனியில, ஞாயித்துக்கிழமைகூட வந்து செல்லுக்குச் சோறு ஊட்டினவன் நான். என் மருந்து நோய்ச் செல்லயும் கொன்னுச்சு, நல்ல செல்லயும் கொன்னுச்சு. நீ வந்தே, ரெண்டு சொட்டு விட்டே, நோய்ச் செல் மட்டும் தானா தற்கொலை பண்ணிக்குதுன்னே. நம்ம லேப் தலைவி மார்ஜொரி உடனே உன் படத்த வாசல்ல மாட்டிட்டா.

– அதுல என் மூக்கு கோணலா இருக்கு. வேணும்னா உங்க படத்த மாட்டிக்குங்க.

– கிண்டலா? என் படம் பார்க்கிங் அட்டையிலதான் இருக்கு. போ, மருந்து வேலை செய்யலன்னு மார்ஜொரிகிட்ட நீயே சொல்லிடு. மரியாதையாவது மிஞ்சும்.

– சொல்லத்தான் கிளம்பினேன். அறிவியல் பத்திரிகைக்கு அனுப்பின கட்டுரையையும் வாபஸ் வாங்கிடலாம்னு. அப்புறம் யோசிச்சேன். மருந்து கெட்டதுன்னா ஆறும்ல பொழச்சிருக்கணும்?

– மூணுல மருந்து விட மறந்திருப்பே.

– பொழச்ச மூணும், செல் வளக்கிற இன்குபேட்டர் பெட்டியில கீழ் அடுக்கு. வெள்ளிக்கிழமை நான் போனப்புறம் அதத் திறந்தது நீங்க ஒருத்தர்தான்னு பதிவேட்டுல இருக்கு.

– என் செல்லுக்குச் சோறு வைக்கத் திறந்தேன்.

– ஃப்ரிட்ஜுல உங்க பேரு போட்ட புட்டி. செல் தற்கொலை பண்றதத் தடுக்கிற மருந்து. வெள்ளிக்கிழமை நெறைய இருந்துச்சு, இப்ப பாதி.

– ஆமா, ஊத்தினேன். போதுமா? தினமும் அந்தப் படத்தத் தாண்டித்தான் நான் உள்ள வரணும். போய்ச் சொல்லு. இன்னைக்கே என்னை அனுப்பிடுவா.

– பத்திரிகைக்காரங்க என்ன கேட்டிருந்தாங்க தெரியுமா? செல் நெசமாவே தானா சாகுதா, இல்ல என் மருந்து வெறும் விஷமான்னு. விஷம்னா உங்க புட்டி அந்தச் செல்லக் காப்பாத்தியிருக்காது. காப்பாத்தியிருக்கு, அப்ப செல் தானாத்தான் சாகுது.

– அதுக்கு?

– எத்தனை சொட்டு ஊத்தினீங்க? நாளைக்கு அதே அளவுல நான் திரும்பச் செய்யணும். கட்டுரையில உங்க பேரையும் சேக்கணும்.