கரைக்கு முதல்ல எறங்குறவன்

ஆமாய்யா, போர்த்துக்கீசுதான் பேசுறேன். லிஸ்பன்ல பொறந்தவன் வேற என்னத்தப் பேசுவான்? வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதீங்க கப்பித்தான், ஈ போயிரும். கரையை உங்க ராசாவுக்குச் சொந்தமாக்க நடக் கொண்டாந்த அந்தக் கல்தூணைக் கீழ வைக்கச் சொல்லுங்க. ஏற்கெனவே ஒண்ணு நட்டாச்சு. அந்தா பாருங்க, எம் பொண்டாட்டி அதுலதான் கயிறு கட்டி மீன் காயப்போட்டிருக்கா.

யாரு நட்டதா? உங்களுக்கு முன்னாடி வந்த புண்ணியவான்தான். அன்னிக்கு எந்தப் புனிதரோட திருநாளோ, அந்தப் பேரையே இந்தக் கரைக்கும் வச்சாரு. வச்சிட்டுக் கப்பலேறிட்டாரு. என்னை ஏத்தல.

எதுக்கா? தெரியாத மாதிரி கேக்குறீங்க பாருங்க, பத்திக்கிட்டு வருது எனக்கு! சாராயக்கடைச் சண்டையில கத்தியெடுத்தவன் நான். தூக்குக்குப் பதிலாக் கப்பல். புதுக் கரை வந்தா முதல்ல என்னை எறக்கி விடுவாங்க. கரையில இருக்கவங்க என்னை வெட்டிப்போட்டா, ஆகாத கரைன்னு போயிருவாங்க. வெட்டலைன்னா தொரைமாரு பின்னாடியே எறங்குவாங்க. அடுத்த பருவக்காத்துக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சிலுவைக்கு முத்தங்குடுத்து சத்தியம் பண்ணுனான் அந்தக் கப்பித்தான், படுபாவி. என் தாடி நரைச்சுப் போச்சு.

நேத்து சாயங்காலம் நீங்களும் ஒருத்தனை எறக்குனீங்கல்ல, பிராஸுன்னு? இல்லேன்னு தலையாட்டாதீங்க, கெட்ட கோவம் வரும். என் வீட்டுலதான் கெடக்கான். கஞ்சி குடுத்தா விஷம்னு நடுங்குறான். கம்பளி நெய்யுறவனாமே, பிள்ளைக்குட்டி இருக்காமே. அவனைத் திருப்பி ஏத்துங்க. இனி எந்தக் கரையிலயும் எறக்க மாட்டேன்னு உங்க பாதிரியார் முன்னால சொல்லுங்க. அப்பத்தான் குடிதண்ணி. ஊத்து எங்கன்னு நீங்களே தேடித்தான் பாருங்களேன், நாக்குத் தள்ளிரும்.

நானா? நான் எதுக்கு வரணும்? எனக்குச் சோறு போட்டது இந்த ஊரு.

வாள்மேல இருந்து கையை எடுங்க. ஒத்தையாத்தானே வந்திருக்கான்னு பாக்குறீங்க. ஒத்தையாத்தான் வந்தேன். காலைல ஊர்க்கூட்டம் போட்டாங்க. வந்திருக்கவனுங்க ஆளைக் கொல்லுவானுங்களா மாட்டானுங்களா, யாரு போயிப் பாக்குறதுன்னு பேச்சு. எம் மச்சினன் என்னைக் கைகாட்டி, மாமனுக்குத்தான் இது பழக்கமாச்சேன்னுட்டான். ஊரே சிரிச்சுது. அந்தப் பொதருக்குப் பின்னால அம்போட உக்காந்திருக்காங்க, நீங்க என்னை என்ன பண்றீங்கன்னு பாக்க.